பத்தாமவரின் நாற்காலி

அந்த நகரத்துக்கு ஒரு புது மொழி செய்துகொடுக்கும்படி ஒரு கழகத்தை நியமித்திருந்தார்கள். நியமித்து ஒரு தலைமுறை ஆகிறது. ஊரில் புழங்குகிற மொழிகளிலெல்லாம் விதிவிலக்குகள் மலிந்துவிட்டன, ஒருவனைத் தூக்கி ஒருவனை மட்டம்தட்டுகிற சொற்கள் பெருகிவிட்டன, ஆகவே விதிவிலக்கே இல்லாத, ஏற்றத்தாழ்வே இல்லாத ஒரு சமமொழி வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் வேண்டாம் என்றார்கள்? கழகத்தார் கட்டடம் கட்டினார்கள். கட்டடத்துக்குள் குழு, குழுவுக்குள் துணைக்குழு என்று போட்டார்கள். தேநீர் குடித்தார்கள். கடைசியில் எண்களைச் செய்து முடித்தார்கள். மற்ற சொற்கள் இன்னும் துணைக்குழுவில் கிடக்கின்றன. ஆகவே சமமொழியில் இன்றைய தேதிக்கு "வா" கிடையாது, "போ" கிடையாது, "பசிக்கிறது" கிடையாது, ஆத்திர அவசரத்துக்கு "ஐயோ" கூடக் கிடையாது. ஆனால் "பன்னிரண்டாமவர்" என்று பிழையே இல்லாமல் சொல்லலாம். அரசாங்க இடங்களில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவும் ஆகிவிட்டது.

இந்தச் சங்கதியெல்லாம் குழாய்க்காரரின் காதில் விழாமல் இல்லை. விழுந்தது, போய்விட்டது. ஒழுகுகிற குழாய் எந்த மொழியில் ஒழுகினால் அவருக்கென்ன? முறுக்கினால் நிற்கப்போகிறது. அவருக்குக் கவலை வேறு இடத்தில் இருந்தது, வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது.

அந்தம்மா தையல்காரி. சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. இருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் ஊசி தெரியவில்லை, பிறகு நூல் தெரியவில்லை, போன மாதம் வங்கிக்காரர் ஒருவருக்குச் சட்டையில் மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள். அவர் சண்டைக்கு வந்தபோதுதான் குழாய்க்காரருக்கு விஷயத்தின் ஆழம் புரிந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா முத்திடுச்சும்மா. இந்த மாசத்துக்குள்ள எடுத்தாகணும். இன்னும் தள்ளினீங்கன்னா உள்ளயே கரைஞ்சு கண்ணே போயிடும். ஆபரேஷன் வியாழக்கிழமைதான். ஒரு நாளைக்குப் பத்துப் பேரு. விடியக்காலம் வந்து வரிசையில நில்லுங்க."

"அவ்வளவுதானே டாக்டர்? நின்னுட்டாப் போச்சு," என்றார் குழாய்க்காரர்.

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், விவரம் தெரியாத மனிதர் என்று நினைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பொழுது புலர்வதற்குள் இருவரும் போய் நின்றுவிட்டார்கள். முன்னால் ஐந்து பேர்தான். குழாய்க்காரர் தலையை எண்ணிப் பார்த்து, "ஆறாவது ஆளு நீ. மத்தியானத்துக்குள்ள கட்டுப் போட்டு வீட்டுக்குப் போயிடலாம்," என்றார்.

கதவு திறந்தது. கஞ்சி போட்ட சட்டையும் வழித்து வாரிய தலையுமாக ஒரு மனிதர் வந்தார். வரிசையைக் கூப்பிடுவதற்கென்றே வேலைக்கு வைத்த ஆள்; அழைப்பாளர் என்று பெயர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெத்தை வைத்த நாற்காலிகள், முதுகுப் பக்கம் பித்தளைத் தகடு. அவற்றை வரிசைக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஆறு நாற்காலி. அழைப்பாளர் மனிதர்கள் பக்கம் திரும்பி, எச்சிலை விழுங்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். குழாய்க்காரரின் மனைவியிடம் வந்தபோது, "க்ராமொக்லி," என்றார்.

"என்னங்க திட்டுறீங்க?" என்றாள் அவள்.

"திட்டலம்மா. சமமொழி. 'மொக்'னா பத்து, 'லி'ன்னா ரெண்டு. முன்னாடி 'க்ரா' போட்டா எத்தனையாவதுன்னு அர்த்தம். நீங்க பன்னிரண்டாவது."

"அஞ்சு பேருக்குப் பின்னாடி நிக்கிறவ எப்படிங்க பன்னிரண்டாவது ஆவேன்? எனக்குக் கண்ணுதான் தெரியல, கணக்குமா தெரியாது?"

அழைப்பாளர் ஒரு பெருமூச்சு விட்டார். இதை அவர் வாரந்தோறும் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த மனிதர்.

"அம்மா, இந்த மொழி ஏற்றத்தாழ்வே இல்லாத மொழி. ஏற்றத்தாழ்வு ஒழியணும்னா முதல் இடத்துக்கு யாரும் ஆசைப்படக் கூடாது. ஆசைப்படாம இருக்கணும்னா அந்த இடம் காலியா இருக்கக் கூடாது. அதனால 'க்ராபா', அதாவது முதலாமவர்ங்கிற சொல்லைக் கழகத்து நிறுவனருக்கே கொடுத்துட்டாங்க. ஊருல எங்க வரிசை நின்னாலும் அவருதான் முதல்."

"அவரு செத்துப் போயிட்டாருன்னு சொன்னாங்களே?"

"காலமாயிட்டாரு. வரிசையில இருக்காரு. ரெண்டாமவர் இப்ப இருக்கிற தலைவர். மூணாமவர் நிறுவனரோட மச்சான், அந்தக் காலத்துல கூட்டத்துக்குத் தேநீர் வாங்கிட்டு வந்தவரு. அப்படியே ஆறு வரைக்கும்."

"அவங்க எல்லாருக்கும் கண்ணுல புரையா?" என்று குழாய்க்காரர் கேட்டார்.

"அவங்க வரமாட்டாங்க. வரவும் கூடாது. ஊருல எத்தனை வரிசை நிக்குது! ஒரு வரிசையில உடம்போட வந்து உட்கார்ந்துட்டா மத்த வரிசையிலெல்லாம் இல்லைன்னு ஆயிடாதா? அதுக்குத்தான் நாற்காலி," என்று சொல்லிவிட்டு அழைப்பாளர் முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, கையைக் கட்டி, தலையைக் குனிந்தார்.

"வணக்கம் ஐயா. கண்ணு எப்படி இருக்கு?"

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் பதில் சொல்லுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அழைப்பாளர் காத்திருந்தார். "அப்படிங்களா? கவலைப்படாதீங்க," என்றார். உடனே உள்ளேயிருந்து தள்ளுவண்டி வந்தது. நாற்காலியிலிருந்து யாரையோ கைத்தாங்கலாக எழுப்பி, வண்டியில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்வையைப் போர்த்தி, கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். போர்வை தட்டையாகக் கிடந்தது. கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல நேரம் கழித்து விளக்கு அணைந்தது. வண்டி வெளியே வந்தது. தலையணையின் மேல் வெள்ளைக் கட்டு ஒன்று கிடந்தது.

குழாய்க்காரர் திருதிருவென்று விழித்தார். பக்கத்தில் நின்ற அடுப்புக்கரிக் கடைக்காரரிடம், "என்னங்க இது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோமா?" என்று கேட்டார். அவர் மூன்று வாரமாக வருகிறவர், பழகிப்போயிருந்தது. "சத்தம் போடாதீங்க, ரெண்டாமவர் உள்ள போறாரு," என்றார்.

அன்றைக்கு உயிருள்ள கண் நாலு பிழைத்தது. பன்னிரண்டாமவரான தையல்காரி, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

புது எண்ணுமுறை ஆஸ்பத்திரியோடு நின்றது என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடங்களில் ஒவ்வோர் ஆண்டும் நிறுவனர்தான் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். கணக்கில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மார்க் குறைவு என்று ஒரு வாத்தியார் எழுதப்போய் அவரைத் தூக்கி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் எல்லாரையும் முந்தி ஓடி வந்த பெண் ஏழாவதாக வந்ததாக அறிவித்தார்கள். பிரசவ வார்டில் தலைப்பிள்ளை பெற்றவளிடம் "ஏழாவது பிள்ளை, ஆண்" என்று தாதி சொல்ல, வெளியே நின்ற மாமியார் மயங்கி விழுந்து, அவளுக்கும் ஒரு படுக்கை போட வேண்டியதாயிற்று.

அடுத்த வியாழக்கிழமை குழாய்க்காரர் இன்னும் முன்னதாக மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை முன்னால் நின்றவர்கள் இரண்டே பேர். மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆறு நாற்காலி, இரண்டு ஆள், ஒன்பதாவது இவள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். அழைப்பாளர் வந்தார். நாற்காலிகள் வந்தன. ஒன்பது.

"போன வாரம் ஆறுதானே இருந்துச்சு?" என்று குழாய்க்காரர் பாய்ந்தார்.

"கழகத்துல ஆண்டுவிழா. மூணு பேருக்கு மரியாதை பண்ணியிருக்காங்க," என்ற அழைப்பாளர், தையல்காரியின் முன்னால் வந்து கூச்சத்தோடு, "க்ராமொக்லி," என்றார்.

"அதே பன்னிரண்டா?" என்றாள் அவள். "நான் முன்னால வர வர இவங்க பின்னால தள்ளுறாங்க. மொழியா இது, வழுக்குமரம்!"

வெயில் ஏறி, ஒன்பது பேருக்கும் ஆபரேஷன் முடிந்து, வரிசையில் நின்ற ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கண் கிடைத்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, குழாய்க்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் என்னய்யா பண்றது? உள்ள கழகத்துப் பார்வையாளர் ஒருத்தர் கடிகாரத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நேரத்தைக் குறைச்சா மூணாமவருக்கு அவமரியாதை பண்ணிட்டேன்னு எழுதுறாரு. ஒன்பது பேரைத் திறந்து பார்த்தேன், ஒருத்தருக்கும் புரையே இல்ல. சாயங்காலம் தலையணைக்கெல்லாம் சொட்டு மருந்து வேற போடணும். நாட்டுலயே சிறந்த ஆஸ்பத்திரின்னு பரிசு கொடுத்திருக்காங்க, யாருமே புகார் சொல்லலையாம்." பிறகு தையல்காரியின் கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அடுத்த வாரம்தான் கடைசி. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்த வாரம் குழாய்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி இருட்டில் தடவித் தடவித் தையல் மிஷினைத் துடைத்து மூடி வைத்ததைப் பார்த்தபோது அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் கழகத்திலிருந்து ஆள் வந்தது. தேநீர் அறைக் குழாய் உடைந்து கூட்ட மண்டபத்துக்குள் தண்ணீர் வருகிறதாம், உடனே வர வேண்டுமாம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து முறுக்கிக்கொண்டிருந்தவருக்குத் திறந்த கதவு வழியாக மண்டபத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது. கழகத்தார் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள், கீழே தண்ணீர் நின்றதால். செயலாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"எத்தனை என்று எண்ணுவதை நாம் ஒருபோதும் தடுத்ததில்லை. மூன்று ஆணி, மூன்று செங்கல், மூன்று பிள்ளைகள் என்று மக்கள் தாராளமாக எண்ணிக்கொள்ளட்டும். ஆனால் எத்தனையாவது என்பது சரக்கு அல்ல, மரியாதை! விடியக்காலம் எழுந்து ஓடி வந்தவனுக்கெல்லாம் மரியாதையை அள்ளிக் கொடுத்துவிட்டால் பிறகு நமக்கு என்ன மிஞ்சும்? சமத்துவம்தான் மிஞ்சும்!"

பலத்த கைதட்டல். அடுத்து தலைவர் பேசினார்.

"நான் இரண்டாமவன். ஒரு நாளாவது வருத்தப்பட்டிருக்கிறேனா? நிறுவனர் மறைந்த பிறகும் அவருடைய நாற்காலிக்கு நான் ஆசைப்பட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் அகலமாக இருந்தது. அதை இன்று உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்லுகிறேன் என்றால், அதுதான் இந்தக் கழகத்தின் நேர்மை! ஒன்பதாமவரைப் பாருங்கள். 'வூ' என்ற ஒற்றை எழுத்தைக் கண்டுபிடிக்க ஆறு ஆண்டுகள் தம் உடலை வருத்தினார். அப்படிப்பட்டவர் வரிசையில் போய் நிற்பதா?"

குழாய்க்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து எழுந்து, தலையில் இடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த கோலத்தில் மண்டபத்துக்குள் போய் நின்றார். கை தானாகக் கும்பிட்டது.

"ஐயா, பெரியவங்க மன்னிக்கணும். என் வீட்டுக்காரிக்கு இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதுவும் இந்த வியாழக்கிழமையோட போயிடும்கிறாங்க. முன்னாடி போய் நின்னாலும் நாற்காலி போட்டுப் பின்னாடி தள்ளிடுறாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்களுக்கு ஒரு இடம் கொடுங்க."

அந்த மனிதர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அதைச் சொல்லியே ஆக வேண்டும். செயலாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். 'வூ' கண்ட ஒன்பதாமவர் விம்மிவிட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பார்த்தீர்களா, மக்கள் நம்மிடம் கேட்பது பொன்னா, பொருளா? ஓர் இடம்! வரிசையில் ஓர் இடம்! அதைக் கொடுக்க நமக்கு மனமில்லையா? நம் தண்ணீரை நிறுத்திய இந்த உழைப்பாளிக்குப் பத்தாமவர் என்னும் சொல்லை இந்தக் கழகம் மனமுவந்து அளிக்கிறது. இனி எந்த வரிசையிலும் இவர் க்ராமொக்!"

எல்லாரும் கால் நனைவதைப் பாராமல் இறங்கி வந்து குழாய்க்காரரின் கையைக் குலுக்கினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"பத்தாவது இடம் நமக்குக் கிடைச்சாச்சு! தலைவரே கையைப் பிடிச்சுக் கொடுத்தாரு!"

தையல்காரி நம்பவில்லை. "உங்களை அங்க எதுக்குக் கூப்பிட்டாங்க? குழாய்க்குத்தானே? அதுக்குக் கூலி கொடுத்தாங்களா?"

"கூலியா? மரியாதை கொடுத்தாங்கங்கறேன்!"

"அப்ப கூலி இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் படுத்துவிட்டாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை அவர்கள்தான் முதல் ஆள். அவர்களுக்கு முன்னால் ஒரு ஈ எறும்பு இல்லை. பின்னால் வரிசை வாசல்படி தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. கரிக்கடைக்காரர் மூன்றாவதாக நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரம்மா முகத்துல இன்னிக்குக் களை தெரியுது," என்றார். அழைப்பாளர் வந்தார். நாற்காலிகள் வந்தன. குழாய்க்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பதுக்குப் பிறகு ஒன்று வந்தது. புது நாற்காலி, மெத்தை மேல் சுற்றியிருந்த காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

அழைப்பாளர் தையல்காரியின் முன்னால் வந்து நின்று, "க்ராமொக்பா," என்றார். "பதினொண்ணாவதும்மா."

"இவ பத்தாவது!" என்று குழாய்க்காரர் கத்தினார். "ஒன்பது நாற்காலிக்கு அடுத்து இவதானே?"

"போன வாரமா இருந்தா சரிங்க. இப்பப் பத்தாமவர்னு புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. பெரிய மனுஷன். தொழில் குழாய் வேலைதான், ஆனா குணம் தங்கம்னு தலைவரே சொல்லியிருக்காரு."

"யோவ், அது நான்தான்யா!"

அழைப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புது நாற்காலியைப் பார்த்துத் தலை குனிந்தார். "அவரு இதோ உட்கார்ந்திருக்காரே."

"நான் இங்க நிக்கிறேன்! தொட்டுப் பாரு!"

"நீங்க நிக்கிறீங்க. அவரு உட்கார்ந்திருக்காரு. நீங்க வேணும்னா அவரோட உடம்பா இருக்கலாம்."

"சரி, அப்ப நான் உட்கார்றேன். உட்கார்ந்து என் இடத்தை இவளுக்குக் கொடுத்துடறேன்."

"உட்காரக் கூடாதுங்க. இதே நேரத்துல தபாலாபீஸ்ல, ரேஷன்ல, ரயில் நிலையத்துல எல்லாம் நீங்க பத்தாமவரா உட்கார்ந்திருக்கீங்க. இங்க உடம்போட உட்கார்ந்தீங்கன்னா அந்த வரிசையெல்லாம் குலைஞ்சு போயிடும். மரியாதையைத் திருப்பிக் கொடுக்கணும்னா ஆண்டுவிழா வரைக்கும் காத்திருக்கணும்."

குழாய்க்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது பேருக்கு அடுத்து மிஞ்சியிருந்தது ஒரே ஒரு இடம். ஊருக்கே மிஞ்சியிருந்த அந்த ஒரு இடத்தில்தான் இவர் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கழகத்தார் அள்ளிக் கொடுத்த அந்த மரியாதை மட்டும் இல்லாதிருந்தால் இன்றைக்கு அவள் பத்தாவது. முதலாமவர் உள்ளே போனார், இரண்டாமவர் போனார், சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. குழாய்க்காரர் சுவரோரம் குந்தி, தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது.

"என் கையாலயே உன் கண்ணைக் குத்திட்டேனே," என்றார்.

ஒன்பதாமவரின் தட்டைப் போர்வை வெளியே வந்தபோது கூடவே டாக்டரும் வந்தார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவரால் நிமிர்ந்து பேச முடியவில்லை.

"பத்தாமவர் முடிஞ்சதும் கதவைச் சாத்திடுவாங்கம்மா. அவரு எழுந்து போனாத்தான் எடம்."

"காலியாத்தானே டாக்டர் கிடக்கு?"

"காலி நாற்காலி வேற, காலி எடம் வேறம்மா. நானும் இதைக் கேட்டுப் பார்த்துட்டேன்."

அழைப்பாளர் பத்தாவது நாற்காலியின் முன்னால் போய்க் கையைக் கட்டினார். "வணக்கம் ஐயா. கண்ணு எப்படி—"

"கொஞ்சம் நகருங்க," என்றாள் தையல்காரி.

கையை நீட்டித் துழாவிக்கொண்டே வந்தாள். நாற்காலியின் முதுகு கைக்குத் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெத்தையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்களைத்தான். என்ன சட்டமா உட்கார்ந்திருக்கீங்க? ஊர்க்காரன் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னா சோத்துல வச்ச கையை உதறிட்டு எழுந்து ஓடுறீங்க. தூக்கத்துல எவனாவது கதவைத் தட்டினா வாரிச் சுருட்டிக்கிட்டு எழுந்திரிக்கிறீங்க. பொண்டாட்டி கண்ணு போகுதுன்னா மட்டும் கால் மேல கால் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களோ? நாலு பேரு கையைக் குலுக்கிட்டா அவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களோ? மரியாதையா எழுந்திரிங்க! எழுந்திரிக்கிறீங்களா இல்லையா?"

சுவரோரம் குந்தியிருந்த குழாய்க்காரர் துள்ளி எழுந்து நின்றார். இன்னும் எழ வேண்டுமோ என்ற சந்தேகத்தில் குதிகாலையும் தூக்கினார்.

அழைப்பாளர் நாற்காலியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி நாற்காலியைப் பார்த்தார். அவரும் குடும்பஸ்தர்.

"எழுந்துட்டாரும்மா," என்றார், மெல்லிய குரலில்.

உள்ளேயிருந்து பார்வையாளர் கடிகாரத்தோடு ஓடி வந்தார். "யாரு எழுந்தது? பத்தாமவர் எப்படி எழுந்திரிக்கலாம்? எந்த விதியில இருக்கு?"

"விதி இருக்கோ இல்லையோ, எழுந்தாரு சார். நான் என் கண்ணால பார்த்தேன்," என்றார் அழைப்பாளர். "நீங்க அந்தக் குரலைக் கேக்கல. எனக்கே காலு நடுங்கிடுச்சு."

"போயும் போயும் ஒரு வீட்டுக்காரி சொன்னாங்கறதுக்காக..." என்று ஆரம்பித்த பார்வையாளர், தையல்காரி தன் பக்கம் முகத்தைத் திருப்பியதும் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். அவருக்கும் வீடு என்று ஒன்று இருந்தது.

அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். அழைப்பாளர் குனிந்து, "வணக்கம் அம்மா. கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நாசமாப் போயிட்டிருக்கு, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க," என்று உடனே பதில் வந்ததில் அவருக்கே ஒரு சந்தோஷம். தள்ளுவண்டி வந்தது. அன்றைக்கு அப்போதுதான் போர்வை மேடாக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த நேரமெல்லாம் குழாய்க்காரர் குதிகாலைக் கீழே வைக்கவில்லை. விளக்கு அணைந்ததும் டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு, பரீட்சையில் தேறிய பையனைப் போல் சிரித்துக்கொண்டு வந்தார்.

"எடுத்தாச்சுய்யா! முழுசா எடுத்தாச்சு! நாளைக்குக் கட்டைப் பிரிச்சா தெளிவாத் தெரியும்!"

குழாய்க்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். கழகத்துக்குச் செய்தி போய், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்த குற்றத்துக்காகப் பத்தாமவர் மரியாதையை அன்று மாலையே பறித்துவிட்டார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வரிசை கலையவில்லை. கதவைச் சாத்தின பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தது, என்னவோ யோசித்துக்கொண்டு. கடைசியில் கரிக்கடைக்காரர் அழைப்பாளரின் பக்கத்தில் போய் நெருங்கி நின்றார்.

"ஏங்க, இந்த ஒன்பதாமவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அழைப்பாளர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ஆயிடுச்சு. மணிக்கூண்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு. பச்சைக் கதவு. அந்தம்மாவுக்குக் குரல் இவங்களைவிடப் பெரிசு," என்றார்.

"தலைவருக்கு?"

"அவருக்கு மாமியாரும் கூடவே இருக்காங்க."

வரிசை ஒன்பதாகப் பிரிந்து ஒன்பது பக்கம் நடந்தது. நிறுவனரின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்சந்திலேயே இருந்தது. அங்கே போனவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்த அம்மாளிடம் நடந்ததையெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செத்தும் எழுந்திரிக்கலையா அந்த மனுஷன்?" என்று கேட்டுவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.